யென்சி போட்ட பை

டெனியா டீச்சர் பாலர் பள்ளிக்கு வந்த வருஷம் நான் அங்கே சமையல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோண்டுராஸில் எங்கள் கரையில் பள்ளிக்கும் கடலுக்கும் நடுவே வெறும் மணல்தான். தினமும் காலையில் பதினொரு பிள்ளைகளும் ஆளுக்கொரு சாக்கோடு இறங்கிக் குப்பை பொறுக்கிவிட்டுத்தான் படிக்க உட்காருவார்கள். போட்டவர்கள்தான் எடுக்க வேண்டும், ஒரு காகிதம் போட்டாலும் கடலுக்கு வலிக்கும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தாள். நல்ல எண்ணம்தான், கண்ணுகளா. பிள்ளைகள் அதை அப்படியே நம்பினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து வயது யென்சி சராமுஸ்கா சாப்பிட்டாள். பழச்சாற்றைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் உறையவைப்பது. மூலையைக் கடித்து உறிஞ்ச வேண்டும். முடித்ததும் பையை மணலில் போட்டாள். காற்று அதைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

சனியும் ஞாயிறும் மலையில் மழை. திங்கட்கிழமை மணலே தெரியவில்லை. பாட்டில், செருப்பு, மருந்து ஊசி, தலையில்லாத பொம்மை என்று முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பெரியவர்களுக்கு இது வருஷாவருஷம் பார்ப்பது. போன வருஷத்து மழை பிள்ளைகளுக்கு எங்கே ஞாபகம்?

நஹூன்தான் ஆரம்பித்தான். “கடல் உன் பையைத் தின்னுச்சுல்ல, அதான்டி வாந்தி எடுத்துருச்சு.”

எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். யென்சி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மறுநாளிலிருந்து பள்ளி திறக்குமுன்பே வந்து தனியாகக் கிளறினாள். விரலைக் கண்ணாடி கிழித்திருந்தது. என்ன தேடுகிறாய் என்று கேட்டால், தன் சிவப்புப் பையை என்றாள். அது கிடைத்தால் இந்தக் குப்பையெல்லாம் போய்விடுமாம். நான் வைத்த பீன்ஸைத் தொடவில்லை.

வியாழக்கிழமை அவள் அம்மா வந்தாள். “மூணு நாளா வாயில ஒண்ணும் வைக்கல. நீங்க கத்துக்குடுத்ததை நீங்களே எடுத்துருங்க, டீச்சர்.”

டீச்சர் போய்க் குப்பைக்கு நடுவே யென்சியின் பக்கத்தில் குந்தினாள். நான் தட்டோடு பின்னால் நின்றேன்.

“இது நீ போட்டதில்லம்மா. நம்ம நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய ஊரு இருக்கு. அங்க கொட்டுறதை ஆறு இழுத்துட்டு வருது.”

யென்சி யோசித்தாள். “அவங்க எடுக்க வருவாங்களா?”

“வரமாட்டாங்க.”

“நாம எடுத்தா தீந்துருமா?”

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“தீராது,” என்றாள் டீச்சர்.

யென்சி சாக்கைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்த தட்டை வாங்கி, நின்றபடியே வழித்துச் சாப்பிட்டாள். பிள்ளை பிழைத்தாள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் விஷயம் தெரிந்து கேலி நின்றது. மறுநாள் காலை டீச்சர் வாசலில் நின்று குப்பை பொறுக்கக் கூப்பிட்டாள். ஒருவரும் எழவில்லை. அடமும் இல்லை, கோபமும் இல்லை.

“அது நம்மளுது இல்லயே, டீச்சர்,” என்றாள் யென்சி, ஆறுதல் சொல்வதுபோல.

டீச்சர் உள்ளே வந்தாள். பிறகு நாற்றம் வராதபடி ஜன்னலைச் சாத்திவிட்டு, கரும்பலகையில் எண்களை எழுத ஆரம்பித்தாள்.