சுழலாத குமிழ்

குராமோச்சியின் கேமராவிலிருந்து அடித்தகட்டைக் கழற்றிப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டாள் மித்சுயோ. பிலிம் போட இரண்டு கையும் வேண்டும். நீளமாக வெட்டிய நுனியை உருளையின் பிடிக்குள் செருகி, சுருளையும் உருளையையும் ஒன்றாக உள்ளே இறக்க வேண்டும். அவருக்கு உதவியாளாக இருந்த ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் கை தவறியதில்லை. இன்று நுனியைப் பிடிக்குள் செருகாமல் சும்மா சாய்த்து வைத்தாள். அதுவும் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கியது.

பிலிம் ஓடினால், அதைத் திருப்பிச் சுற்ற மேலே இருக்கும் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுழலும். ஓடாவிட்டால் அசையாது, படத்தின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். வாரப்பத்திரிகைப் புகைப்படக்காரர் குராமோச்சி அந்தக் குமிழைப் பார்ப்பதேயில்லை. "மித்சுயோ போட்ட ரோலை எதுக்குப் பாக்கணும்?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

போன வசந்தத்தில், கரி பொறுக்கும் பெண் ஒருத்தி கறுத்த கையோடு பால் கொடுப்பதை மித்சுயோ எடுத்தாள். படம் அவர் பெயரில் வந்து பரிசும் வாங்கியது. கேட்டதற்கு, "கேமரா என்னோடது, ரோல் என்னோடது. விரல் மட்டுந்தானம்மா உன்னோடது" என்று சிரித்தார். அன்றைக்கே பழைய கேமரா ஒன்றைத் தவணையில் வாங்கினாள்.

சிக்குஹோவில் மூடப்போகும் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்கு இன்று கடைசி ஷிப்ட். ஆட்களை ஏற்றிய கூண்டு மேலே வந்தது. கரி அப்பிய முகங்களில் கண்கள் மட்டும் வெளுப்பாக நகர்ந்தன. குராமோச்சி முழங்காலிட்டார், மல்லாந்தார், எடுத்துத் தள்ளினார். குமிழ் அசையவில்லை. ஒவ்வொரு சொடுக்கும் அவள் நெஞ்சில் இனிப்பாக இறங்கியது. அவருக்குப் பின்னால் நின்று தன் கேமராவில் அதே முகங்களை எடுத்தாள். அவளுடைய குமிழ் சுழன்றது.

ஆட்கள் சுரங்கத்தின் பொதுக் குளியலறைக்குள் போன பிறகு அவர் ரோலைத் திருப்பிச் சுற்றினார். இரண்டு சுற்றிலேயே விரல் நின்றது. பிலிமின் இழுப்பே இல்லை.

"மித்சுயோ."

"சொல்லுங்க சார்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு குளியலறை வாசலுக்கு ஓடினார். "அண்ணே, ஒரு பத்து பேர் மறுபடி கரியப் பூசிக்கிட்டு வாங்களேன்."

உள்ளே சிரிப்பு வெடித்தது. "இருபது வருஷம் தேய்ச்சும் போகலய்யா. நீ வேணா வந்து பூசிக்க" என்றது ஒரு குரல்.

காது சிவக்கத் திரும்பி வந்து கையை நீட்டினார். "உன் ரோலக் குடு. ஆறு மணி ரயிலுக்கு அனுப்பணும்."

"யார் பேர்ல வரும்?"

"அத அப்புறம் பேசலாம்."

"இப்பவே பேசலாம் சார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு."

நீட்டிய கை அப்படியே நின்றது. குளியலறைக் கதவு திறந்து ஆவியோடு ஒருவன் வெளியே வந்தான். துவாலை நுனியால் காதைக் குடைந்துகொண்டிருந்தான். முகம் புழுங்கிச் சிவந்திருந்தது. இமையோரத்தில் மட்டும் மை எழுதியதுபோல் கரி நின்றிருந்தது. பகல் வெளிச்சத்தில் கண் கூசி, இனி எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவனாக அங்கேயே நின்றான். மித்சுயோ கேமராவைத் தூக்கினாள்.