ஒரு வீட்டுக்கு ஓராள்

பதினொரு பேரைப் பொறுக்கி எடுப்பது ஆழ்வாப்பிள்ளைக்குப் புதிய வேலை இல்லை. இருபது வருடத்துக்கு மேல் வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களை நடத்திய தண்டையல் அவர். எவனை ஏற்றலாம், எவனைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்பதை ஆள் நடந்து வருகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். முழங்கால் ஒன்று மக்கர் பண்ணத் தொடங்கிக் கடலை விட்ட பிறகு, ஊர் உதைபந்தாட்டக் கழகத்தை அவர் தலையில் கட்டினார்கள். பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், ஆட்களைப் பற்றித் தெரிந்தது நிறைய. அது போதும் என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார். அடக்கம் என்பதெல்லாம் அவரிடம் கிடையாது.

1964 மார்கழி அது. மழையால் இரண்டு தரம் தள்ளிப்போன இறுதி ஆட்டத்தைச் சனிக்கிழமை உரும்பிராயில் வைப்பதென்று முடிவாகியிருந்தது. அந்தக் கிழமை கடல் ஒரு தினுசாகக் கிடந்தது. வாடைக்காற்று ஊளையிட வேண்டிய மாதத்தில் காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் விட்டதுபோல் பளபளத்தது. பின்னேரங்களில் வானம் செம்பு நிறத்துக்குப் போய் அப்படியே நின்றது. பெரிய வள்ளங்களையெல்லாம் எப்போதோ கரைக்கு இழுத்து ஏற்றியாகிவிட்டது. ஆழ்வாப்பிள்ளை நாளுக்கு நாலு தரம் கடற்கரைக்குப் போய் வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு வந்தார். ஆனால் கடல் இப்போது அவருடைய பொறுப்பு இல்லை. அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது இரத்தினம்மாவின் இரண்டு பிள்ளைகளின் விஷயம்.

மூத்தவன் நாகலிங்கம் பின்வரிசையில் நிற்கிறவன். வாய் பேசாதவன், ஆனால் அவனைத் தாண்டிப் பந்து போவது லேசான காரியம் இல்லை. கணுக்கால் சுளுக்கி இந்தப் பருவம் முழுக்க வீட்டில் கிடந்துவிட்டு இப்போதுதான் எழும்பியிருந்தான். இளையவன் சோமசேகரம் அவன் இல்லாத காலத்தில் கழகத்துக்குள் வந்தவன். இடது ஓரத்தால் ஓடத் தொடங்கினான் என்றால் பின்னால் வருகிறவன் மூச்சு வாங்கிச் செத்துப்போவான். அரையிறுதி ஆட்டத்தில் இரண்டு கோலும் அவன் அடித்ததுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுகமாக இருப்பது இதுதான் முதல் தடவை. வேறு எந்தக் கழகமாக இருந்தாலும் தேங்காய் உடைத்துக் கொண்டாடியிருக்கும்.

ஆழ்வாப்பிள்ளை கொண்டாடவில்லை. ஒரு தாயின் பிள்ளைகள் இரண்டு பேரை ஒரே வள்ளத்தில் ஏற்றுவதில்லை என்பது அவர் தண்டையலாக இருந்த காலம் முழுவதும் மீறாத ஒன்று. ஊரில் மற்றவர்களும் அதைப் பார்ப்பார்கள். ஆள் முடை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு விட்டும்விடுவார்கள். அவர் விட்டதே இல்லை. அவருக்கு இரண்டு தமையன்மார் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே கப்பலில் போனார்கள், கப்பல் வரவில்லை. அதற்குப் பிறகு அவருடைய தாய் உயிரோடிருந்த காலமெல்லாம் சாப்பாடு போடும்போது மூன்று சோற்றுக் கோப்பை எடுத்து வைத்துவிட்டு, இரண்டைத் திரும்ப எடுத்து உள்ளே வைப்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவனிடம் போய் நியாயம் கதைக்க முடியாது.

உடுப்பிட்டி மிஷன் பள்ளிக்கூடத்து நவரட்ணம் மாஸ்டர் கதைத்துப் பார்த்தார். பையன்களுக்குப் பந்து பழக்கியவர் அவர்தான். ஆட்களைத் தெரிவு செய்ய இருவரும் வாசிகசாலையில் உட்கார்ந்திருந்தபோது, முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பகிடி இல்லை என்று விளங்கியதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தண்டையல், நாங்கள் ஓடப்போறது புல்லிலை. தண்ணியிலை இல்லை" என்றார்.

"போறது ஒரே லொறியிலைதானே, மாஸ்டர்."

லொறியை அவர் சும்மா இழுக்கவில்லை. போன மாதம்தான் வேறோர் ஊர்ப் பந்தாட்டக்காரர்களை ஏற்றி வந்த லொறி மழையில் வழுக்கி மதகுக்குள் விழுந்திருந்தது. சாவு இல்லை; ஆனால் கால் போனவன் ஒருவன் இருந்தான். அதைக் கேட்ட நாளிலிருந்து இரத்தினம்மாவுக்கு நித்திரை இல்லை. புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். புதன்கிழமை ஆழ்வாப்பிள்ளையின் படலையடிக்கு வந்து உள்ளே வராமலே நின்றாள். அவர் வெளியே வந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ரெண்டு பேரிலை ஒருத்தனை என்னட்டை விட்டிட்டுப் போங்கோ, அண்ணை. எவனையெண்டு என்னட்டைக் கேளாதையுங்கோ. நான் சொல்லமாட்டன்."

அவள் கேட்காவிட்டாலும் அவர் அப்படித்தான் செய்திருப்பார். கேட்ட பிறகு அது கல்லில் வெட்டியதுபோல் ஆயிற்று. யாரை விடுவது என்பது மட்டும்தான் மிச்சம். பந்தின் கணக்குப்படி நாகலிங்கத்தை விட்டிருக்க வேண்டும். கணுக்கால் இப்போதுதான் ஆறியது. இருக்கச் சொன்னால் இருந்துவிடுகிற பிள்ளை. இளையவனோ கோல் அடிக்கிறவன், இருக்கச் சொன்னால் எரிகிறவன். ஆனால் கோல் காக்கிற பையனுக்கு நாகலிங்கத்தின் முதுகு முன்னால் தெரியாவிட்டால் பந்து கையில் நிற்காது. பின்னால் நிற்க வேறு ஆளும் இல்லை. இடது ஓரத்துக்கு என்றால் கனகசபாபதி இருந்தான். சோமசேகரம் அளவுக்கு இல்லை, ஆனாலும் ஓடக்கூடியவன்.

கனகசபாபதியில் ஒரு சிக்கல் இருந்தது. பொங்கலுக்கு முந்திய கடைசி ஓட்டம் என்று பொன்னம்பலம் தன்னுடைய மோட்டார் வள்ளத்தைச் சனிக்கிழமை அக்கரைக்கு, இந்தியக் கரைக்கு, விடுவதாக இருந்தான். அதில் போகிறவர்களில் கனகசபாபதி ஒருவன். அக்கரையில் சேலையும் வேட்டியும் கட்டி வைத்திருந்தார்கள், போய் ஏற்றி வருவதுதான் வேலை. சுங்கக்காரர் நித்திரை கொள்ளுகிற காலம் அது என்பது பொன்னம்பலத்தின் எண்ணம்.

ஆழ்வாப்பிள்ளை வியாழக்கிழமை அவனைத் தேடிப் போனார். பொன்னம்பலம் ஒரு காலத்தில் அவருக்குக் கீழ் கயிறு இழுத்தவன். பழைய தண்டையல் வாய் திறந்து கேட்டால் இல்லையென்று சொல்ல அவனால் முடியாது. ஆள் குறைந்தால் வள்ளம் நகராது என்று கொஞ்சம் முனகினான், அவ்வளவுதான்.

"சரி, கூட்டிக்கொண்டு போங்கோ. வேறை ஒருத்தனைப் பிடிக்கிறன்" என்றான்.

அவர் அந்த இடத்தில் யாரைப் பிடிப்பாய் என்று கேட்டிருக்கலாம். அதைவிட, வானத்தைக் காட்டி இந்தக் கிழமை இறங்காதே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒருவனிடம் உதவி கேட்டு வாங்கிய வாயால் உடனே அவனுக்குப் புத்தி சொல்வது மரியாதை இல்லை என்று விழுங்கிவிட்டார். மரியாதை என்று சொல்லிக்கொண்டு மனிதர் எத்தனையைத்தான் விழுங்குகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரை மைதானத்தில் ஆட்களின் பேரைச் சொன்னார். கப்பலுக்கு ஆள் எடுப்பதுபோல ஒவ்வொரு பேராகக் கூப்பிட, கூப்பிட்டவன் முன்னால் வந்து நின்றான். நாகலிங்கம் வந்து நின்றான். கனகசபாபதி தன் பேரைக் கேட்டுத் திகைத்துப்போய் வந்து நின்றான். பதினொரு பேர் ஆயிற்று. சோமசேகரம் சிரித்தபடி, தன்னை மறந்துவிட்டார்கள் என்பதுபோல நின்றுகொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்று விழுவதை ஆழ்வாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். மேலதிக ஆளாகவாவது வருகிறேன், லொறியில் ஒரு மூலையில் இருக்கிறேன் என்று அவன் கேட்டான். அண்ணன் இருக்கிற லொறியில் நீ ஏற முடியாது என்றார்.

"அண்ணை விளையாடுறார் எண்டதுக்காக நான் கரையிலை நிக்கோணுமோ?" என்றான் அவன்.

ஆழ்வாப்பிள்ளை மற்றவர்களிடம் திரும்பி லொறி புறப்படும் நேரத்தைச் சொன்னார். மறுமொழி சொல்லிப் பழகினால் நாளைக்கு ஒவ்வொருவனும் கேட்பான்.

சனிக்கிழமை ஊர் திரண்டு லொறியை வழியனுப்பியது. சோமசேகரம் வரவில்லை. கோபத்தில் எங்காவது படுத்திருப்பான் என்று நினைத்தார். ஆட்டம் நன்றாகவே போயிற்று. நாகலிங்கம் மதில்போல நின்றான். கோல் காக்கிறவனுக்கு வேலையே வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கனகசபாபதி இடது ஓரத்தால் ஓடிப் பந்தை வலைக்குள் தள்ளினான். அந்த ஒரு கோல் போதுமாக இருந்தது. நவரட்ணம் மாஸ்டர் வந்து, நீர் சொன்னதுதான் சரி என்று கையைக் குலுக்கினார். ஆழ்வாப்பிள்ளைக்கு மனம் குளிர்ந்தது. அன்றைக்கு அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

திரும்பும்போது லொறியில் பாட்டும் கைதட்டும் காதைப் பிளந்தன. கனகசபாபதி அவரை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, எல்லாம் சோமுவால் வந்த அதிர்ஷ்டம் என்றான். அவர் விளங்காமல் பார்த்தார்.

"என்ரை இடத்துக்கு வள்ளத்திலை சோமுவெல்லோ போயிருக்கிறான். இல்லாட்டிப் பொன்னம்பல அண்ணை என்னை விட்டிருப்பாரே?"

ஆழ்வாப்பிள்ளை எதிரே இருந்த நாகலிங்கத்தைப் பார்த்தார். அவனுக்குத் தெரிந்திருந்தது. முந்தின இரவு பொன்னம்பலம் தங்கள் வீட்டுக்கு வந்து கேட்டதையும், தம்பி உடனே ஓம் என்றதையும் அவன் சத்தத்துக்கு மேலால் சொன்னான். தாய் என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார்.

"அம்மா சந்தோஷமாய்த்தான் அனுப்பினவ. நான் லொறியிலை, அவன் வள்ளத்திலை. ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போகேல்லைத்தானே எண்டா."

ஊருக்குள் லொறி வந்ததும் வெடி கொளுத்தினார்கள். மாலையோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டிக் கடற்கரைக்குப் போனார். வள்ளம் மத்தியானமே போயிருந்தது. கடல் தூங்குகிற குழந்தைபோலக் கிடந்தது. அந்த அமைதியைத்தான் அவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் காற்று இல்லை. திங்களன்று கடல் தூரத்தில் உறுமத் தொடங்கியது. அலை கரைக்கு வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. காகங்கள் கடற்கரையை விட்டு உள்ளே போய்விட்டன. வள்ளம் அன்றிரவு அல்லது மறுநாள் இரவு திரும்ப வேண்டும். அக்கரையில் பொன்னம்பலம் வானத்தைப் பார்த்து நின்றுவிடுவான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிற்கமாட்டான் என்பதும் தெரியும். நிற்கிற ஆளாக இருந்தால் முதலில் இறங்கியே இருக்கமாட்டான். செவ்வாய்க்கிழமை பொழுதுபட்டதும் காற்று ஒரேயடியாக வந்தது.

அந்தப் புயலைப் பற்றி வடகரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பனைகள் முறிந்தன, ஓடுகள் பறந்தன, கடல் ஒழுங்கைகளுக்குள் ஏறி வந்து முற்றங்களில் நின்றது. விடிந்த பிறகு ஊர் கடற்கரையில் கூடிற்று. வள்ளத்தைத் தேடிப் பருத்தித்துறைப் பக்கம் ஆள் போயிற்று, அக்கரைக்குத் தந்தி போயிற்று. செவ்வாய் பின்னேரமே சரக்கோடு புறப்பட்டுவிட்டதாக அங்கிருந்து சேதி வந்தது. அதற்கு மேல் சேதி எங்கிருந்தும் வரவில்லை. நாளாக நாளாகத் தேடினவர்களும் வீடுகளின் கூரையைப் பார்க்கத் திரும்பினார்கள். பொன்னம்பலத்தின் பெண்சாதி கழுத்து வெறுமையாகிக் கிடந்தாள்.

ஆழ்வாப்பிள்ளை இரத்தினம்மா வீட்டுக்குப் போகப் பயந்தார். கடலில் எத்தனையோ பார்த்த மனிதர், அந்த ஒழுங்கை வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினார். இரண்டு பேரையும் லொறியில் ஏற்றியிருந்தால் இரண்டு பேரும் பாடிக்கொண்டு திரும்பி வந்திருப்பார்கள். இந்த நினைப்பு சோறு தின்னும்போதும் வந்தது, முகம் கழுவும்போதும் வந்தது. அவள் மண் அள்ளித் தூற்றட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும், அதைக் கேட்டால்தான் தனக்கு ஆறும் என்று கடைசியில் ஒரு நாள் உள்ளே போனார்.

இரத்தினம்மா சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். தலை கலைந்து, கண் வற்றிப்போய் இருந்தது. நாகலிங்கம் அடுக்களை வாசலில் நின்றான். அவர் வந்து நின்றதைப் பார்த்ததும் அவள் எழும்பினாள்.

"நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அண்ணை. அண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரையும் பிரிச்சு விடாட்டி எனக்கு ஒருத்தரும் இல்லை. உங்கடை புண்ணியத்திலை ஒருத்தன் மிஞ்சினான்."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று. அவள் குத்திக் காட்டவில்லை, மெய்யாகவே நன்றி சொல்லுகிறாள். இரண்டு பிள்ளைகள் போனார்கள், ஒருத்தன் வந்தான்; பிரித்து அனுப்பியதால்தான் வந்தான். அவள் அப்படித்தான் நம்புகிறாள். அவளைத் தாங்கி நிறுத்தியிருப்பது அதுதான்.

"தங்கச்சி, நான் அவனை எடுத்திருந்தால்" என்று தொடங்கினார்.

அடுக்களை வாசலில் நின்ற நாகலிங்கம் தலையை அசைத்தான். வேண்டாம் என்று ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். அவனுடைய கண்ணில் எல்லாம் தெரிந்திருந்தது. மன்னிப்பு மட்டும் அங்கே இல்லை. திட்டு வாங்கவென்று வந்தவருக்கு அதைத் தரவும் மாட்டேன், உண்மையைச் சொல்லி இறக்கிவைத்துவிட்டுப் போகவும் விடமாட்டேன் என்று அவன் நின்றான்.

இரத்தினம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவர் கைகளை இழுக்கவில்லை.

"ஓம், தங்கச்சி" என்றார்.