இருபத்திரண்டாம் டாங்கிப் பிரிவு

ரோகிணி இன்வெர்ட்டருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அதில் எரியத் தொடங்கியிருந்த சிவப்பு விளக்கை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். கட்டிலிலிருந்து பார்த்தால் அது நேராகக் கண்ணில் படும். மறைத்த மறுகணமே பெட்டி கீச்சென்று கத்தியது.

"வெளிச்சத்த மறைச்சுட்ட. சத்தத்த என்ன செய்வ?" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர் ஜெயபாண்டி.

சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். அவர் மூக்கில் மாட்டியிருந்த குழாய், கட்டிலோரம் இரைந்துகொண்டிருந்த ஆக்சிஜன் மெஷினுக்குப் போயிற்று. அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். பழங்காநத்தத்தில் அவர்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் காலையில் வெடித்துவிட்டது. "சாமான் வரணும்க்கா, மதியத்துக்கு மேல ஆயிரும்" என்று லைன்மேன் சொல்லிவிட்டார். அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரும் காலி. புதுசு நாளைக்குத்தான் வருவதாக இருந்தது.

இன்வெர்ட்டரில் அப்போது இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று ஆக்சிஜன் மெஷின். இன்னொன்று அவருடைய கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டரை அணைத்தால் மெஷின் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்கத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

நுரையீரல் கல்லாக இறுகிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவருக்கு அந்த விளையாட்டுதான் துணை. திருமங்கலத்தில் லாரி உதிரிபாகக் கடையில் விற்பனையாளராக இருந்தவர், மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டார். தெற்குவாசலில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் முபீன்தான் கம்ப்யூட்டரில் அந்த இரண்டாம் உலகப் போர் விளையாட்டைப் போட்டுக்கொடுத்தான். திரை முழுக்க ரஷ்யாவின் வரைபடம். அதன் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு படை. முபீன் அவன் வீட்டில் இருந்தபடி ரஷ்யப் படையை நகர்த்துவான், இவர் ஜெர்மன் படையை நகர்த்துவார்.

கொஞ்ச நாளில் அவருக்கு வெறும் ஆட்டம் போதவில்லை. விளையாட்டில் கொடுத்திருந்த படைக்கணக்கு தப்பு என்றார். ஒவ்வொரு டாங்கிப் பிரிவிலும் போர் நடந்த அந்தக் குளிர்காலத்தில் உண்மையில் எத்தனை டாங்கி இருந்தது, எத்தனை ஓடியது, யாரிடம் எவ்வளவு பெட்ரோல் என்று தேடித் தேடி மாற்றினார். திருத்தினார் என்றால் குறைத்தார் என்று அர்த்தம்.

இருபத்திரண்டாம் டாங்கிப் பிரிவுக்கு வந்தபோது, வீட்டுக்கு வந்திருந்த முபீனோடு பெரிய சண்டையே நடந்தது. பெட்ரோல் இல்லாமல் அந்த டாங்கிகளைக் குழியில் இறக்கி வைக்கோல் போட்டு மூடி வைத்தார்களாம். வைக்கோலுக்குள் வந்த எலிகள் ஒயரைக் கடித்துவிட்டன. போர் என்று கிளப்பும்போது பாதிக்கு மேல் நகரவில்லை.

"எலிக்காகல்லாமாண்ணே கொறப்பீங்க? அப்புறம் நான் ஈசியா செயிச்சுருவேன். ஆட்டம் நல்லாருக்காது" என்றான் முபீன்.

"நடந்தது நடந்தபடி இருக்கணும் மாப்ள."

"அந்தப் பாவிகளுக்கு எதுக்கு இம்புட்டு நியாயம்?"

"நியாயமில்லடா. செஞ்சதெல்லாம் பாவந்தான். ஆனா தோக்குறவன் எப்படித் தோக்குறான்னு கூட நின்னு பாக்கணும்ல."

அடுக்களையில் இருந்த ரோகிணிக்கு அன்று அது புரியவில்லை.

இப்போதும் அந்தப் பிரிவுதான் திரையில் நின்றது. சுற்றிலும் சிவப்புக் கட்டங்கள். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இடைவெளி, அதற்கப்பால் நீலக் கோடாக ஓர் ஆறு. அவர் மவுஸை நகர்த்தினார். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன.

அவள் எழுந்து பின்வாசலுக்குப் போய், சிலிண்டர் தேடிப் போயிருந்த முபீனுக்குப் போன் செய்தாள்.

"சிலிண்டரு கெடச்சுச்சாப்பா?"

"கடைக்காரரு வாடிப்பட்டிக்கு லோடு எறக்கப் போயிருக்காருக்கா. வந்துக்கிட்டே இருக்காராம். கடை வாசல்லயேதான் நிக்கிறேன். வாங்குன உடனே வாரேன்க்கா."

போனை வைத்ததும் அவள் விரல் தானாக ஆம்புலன்சுக்கு நூற்றியெட்டை அழுத்திவிட்டு நின்றது. அழைக்கும் பொத்தானைத் தொடவில்லை. போன தடவை ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டிருந்தார்கள். பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இனி அங்கே கொண்டுபோகாதே. சரி என்று அவர் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தாள். சொன்ன நேரத்தில் அது சுலபமாக இருந்தது.

இன்வெர்ட்டர் மறுபடி கத்தியது. இந்த முறை விடாமல்.

அவள் ஓடி வந்தாள். விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியில் எண் எண்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோகிணி."

"என்னங்க."

"பயமா இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. காலடியில் உட்கார்ந்து அவர் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டாள். சித்திரை வெயிலிலும் அவை சில்லென்று இருந்தன.

"எனக்கும்தாங்க" என்றாள்.

அவர் தலையசைத்தார். அதைக் கேட்டதில் ஏதோ நிம்மதி வந்ததுபோல இருந்தது. பிறகு கையை நீட்டி, சுவரிலிருந்த கம்ப்யூட்டர் சுவிட்சை அவரே அணைத்தார். வரைபடமும் ஆறும் போய்த் திரை கறுத்தது.

"ஆத்தத் தாண்டிட்டாங்களா?" அந்த விளையாட்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இல்ல. இந்தப் பக்கந்தான் நிக்கிறானுக."

முபீன் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஓடி வந்தபோது மெஷின் இன்னும் நின்றிருக்கவில்லை. குழாயை மாற்றி, திருகைத் திறந்தான். எண் மெல்ல மெல்ல ஏறியது. ரோகிணி அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மதியச் சோற்று வேளைக்குக் கரண்டும் வந்துவிட்டது. மேலே காற்றாடி சுற்றியதும் மூன்று பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். முபீன் குழாயை மறுபடி மெஷினில் மாட்டினான்.

"இன்னைக்குத் தப்பிச்சுட்டீங்கண்ணே" என்றான் முபீன். "கடைய அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். சாயங்காலம் வாரேன்."

"வா மாப்ள" என்றார் அவர்.

அவருக்கு மோர் கரைத்துக் கொடுக்கலாம் என்று ரோகிணி அடுக்களைக்குப் போனாள். தயிரை ஊற்றி, உப்புப் போட்டு, கரண்டியால் கலக்கினாள். முன்னறையில் மெஷின் சீராக இரைந்தது. அந்த இரைச்சலுக்குக் கீழே எப்போதும் இன்னொரு சத்தம் இருக்கும். இழுத்து இழுத்து விடும் அவருடைய மூச்சு. ஒன்றரை வருஷமாகத் தூக்கத்திலும் அவள் காது அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கலக்குவதை நிறுத்தவில்லை. போய்ப் பார்க்காதவரை ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றியது. உப்பு எப்போதோ கரைந்துவிட்டது. சொம்பின் அடியில் கரண்டி உரசிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் பதில் வராமல் போய்விடுமோ என்று கூப்பிடவும் பயந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு, "என்ன ரோகிணி, கரண்டு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். முன்னறையைப் பார்த்துவிட்டு அவள் போட்ட அலறலில்தான் ரோகிணியின் கை நின்றது.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. பிள்ளையில்லாத வீடு என்பதால் வாடிப்பட்டியிலிருந்து அவருடைய அண்ணன் நல்லகாமன் வந்து காரியங்களைப் பார்த்தார். உடலைச் சுற்றி ஆட்கள் நிற்க இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டர் மேசையை ஓரமாகத் தள்ளினார்கள்.

"கரண்டு இல்லாத நேரத்துலயும் இந்தப் பொம்ம விளையாட்டு ஓடுச்சாம்ல?" என்றார் நல்லகாமன். "இதுதான் அவன முடிச்சிருச்சு."

நேற்று மதியத்திலிருந்து இதை யாராவது கேட்பார்கள் என்று ரோகிணி பயந்துகொண்டிருந்தாள். கேட்டபோது அவ்வளவு பயமாக இல்லை.

"அவரே கைய நீட்டி அமத்துனாரு மாமா" என்றாள். "கரண்டு வந்தபெறகுதான் போனாரு."

நல்லகாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்த முபீனை அவள் உள்ளே கூப்பிட்டாள்.

"அவரு நேத்து ஆடுனது அதுக்குள்ள இருக்குமாப்பா?"

முபீன் அணைந்திருந்த திரையைப் பார்த்தான். "சேவ் பண்ணாம அமத்துனா இருக்காதுக்கா. முந்தாநாளு எங்க நின்னுச்சோ அங்கதான் நிக்கும்."

"சரி" என்றாள்.

பாடை தூக்கும் நேரம் வந்தது. தத்தனேரி சுடுகாட்டுக்குப் போகும் வண்டி சந்துக்குள் வராது, தெருமுனை வரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும். நல்லகாமன் பங்காளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"மாமா, முன்னாடி ஒரு பக்கம் முபீன் புடிக்கட்டும்."

நல்லகாமன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "வாப்பா" என்று அவர் நகர்ந்து இடம் விட்டார்.

முபீன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். மற்ற மூன்று பேரையும்விட அவன் ஒரு சாண் உயரம். தூக்கியதும் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மாலை ஒன்று சரிந்தது. அவன் முழங்காலை மடக்கித் தாழ்ந்தான். பாடை மட்டமானது. அந்தச் சந்தின் கடைசிவரை அவன் நிமிரவேயில்லை. வாசற்படியில் நின்ற ரோகிணி, மடங்கி மடங்கிப் போகும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.