அறுபதைத் தாண்டினால்

வார்டில் அவளுக்குப் பெயர் சைரன். எந்த இயந்திரம் முனகினாலும் முதலில் ஓடுவது அவள்தான், அதுவும் சும்மா ஓட மாட்டாள், "நாலாம் பெட்டு, நாலாம் பெட்டு" என்று கத்திக்கொண்டே ஓடுவாள். பெயரை வைத்தது அவளுடைய நாத்தனார். அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பகல் ஷிப்டுக்கு நாத்தனார்தான் பொறுப்பு. வீட்டிலும் நாத்தனார், வேலையிலும் நாத்தனாரா என்று மற்ற நர்சுகள் உச்சுக்கொட்டுவார்கள். சைரனோ, "எனக்கென்ன, அண்ணி இருக்காங்க" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள். அத்தனை நம்பிக்கை.

நாலாம் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர். நுரையீரல் கெட்டு, வென்டிலேட்டர் வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை. தூங்க ஒரு மருந்து, உடம்பு வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டாமல் இருக்கக் கைகாலைக் கட்டிப்போட இன்னொரு மருந்து. சைரன் அவர் நெற்றியில் சென்சார் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தபோது மூச்சிரைக்கக் கேட்டார்.

"நடுவுல எனக்கு முழிப்பு வந்துட்டா? விரலக்கூட அசைக்க முடியாதுன்னா எப்படிம்மா சொல்றது?"

"நீங்க சொல்லவே வேணாம்யா. இது சொல்லும்." தலைமாட்டில் இருந்த மானிட்டரைத் தட்டிக் காட்டினாள். "உங்க மூளை எவ்வளவு முழிச்சிருக்குன்னு நம்பர் போடும். நாப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல இருந்தா நல்ல தூக்கம். அறுபதைத் தாண்டினா ஊரையே கூட்டிரும். நான் ஓடி வந்துருவேன்."

"கட்டாயம் வருவீங்களா?"

"கட்டாயம்."

அவர் கண் எதிரிலேயே கீழ் வரம்பு நாற்பது, மேல் வரம்பு அறுபது என்று வைத்தாள். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

மானிட்டர் ஊரைக் கூட்டத்தான் செய்தது. தேவையில்லாமலும் கூட்டியது. காற்று மெத்தையின் மோட்டார் அதிர்ந்தால் கத்தும், சென்சார் பட்டை லேசாக உரிந்தால் கத்தும். ஒவ்வொரு தடவையும் சைரன் ஓடினாள். நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மதியம் நாத்தனார் அவளைக் கூப்பிட்டாள். "ஏழாம் பெட்டை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போ. சீக்கிரம்."

"நாலாம் பெட்டைப் பாத்துக்குங்க அண்ணி."

"ஏன், நீ வர்றதுக்கு முன்னாடி இங்க யாரும் நோயாளியைப் பாத்ததே இல்லையா? போடி."

வரம்பை மாற்ற அந்த மானிட்டரில் பாஸ்வேர்டு வேண்டும். காலையில் யாராவது ஒருத்தி தன்னுடையதைப் போட்டுத் திறந்து வைத்தால், ஷிப்டு முடியும்வரை எல்லாரும் அதிலேயே புழங்குவார்கள். சோம்பேறித்தனம்தான், ஆனால் அங்கே அதற்குப் பெயர் ஒற்றுமை. அன்று திறந்து கிடந்தது சைரனுடையது. சிரித்துக்கொண்டே போனாள்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். நாலாம் படுக்கை அமைதியாக இருந்தது. மானிட்டரில் எண் எண்பத்து நாலு. தூக்க மருந்து போகும் குழாயில் அடைப்பான் திரும்பிப் போயிருந்தது. மருந்து உள்ளே இறங்கவே இல்லை. கைகாலைக் கட்டும் மருந்து மட்டும் தனிக் குழாயில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. துடிப்பைக் குறைக்கும் மருந்தும் ஓடியதால் இதயமும் காட்டிக்கொடுக்கவில்லை. மேல் வரம்பு அறுபதில் இல்லை, தொண்ணூற்றைந்தில் இருந்தது.

அடைப்பானைத் திருப்பி, டாக்டரைக் கூப்பிட்டு, எண் ஐம்பதுக்கு இறங்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகுதான் திரும்பிக் கேட்டாள்.

"யாரு அண்ணி இதை மாத்தினது?"

"என்னைக் கேட்டா?" என்றாள் நாத்தனார், வாய் கூசாமல்.

மாலையில் மானிட்டரின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். மேல் வரம்பு தொண்ணூற்றைந்து, நேரம் ஒன்று பன்னிரண்டு, பாஸ்வேர்டு சைரனுடையது. அவள் ஸ்கேனுக்குக் கிளம்பியதும் ஏறக்குறைய அதே நேரம். மாற்றியவள் யாராக இருந்தாலும் இனி இங்கே வேலை இல்லை என்றார் மேட்ரன். பக்கத்தில் நின்ற நாத்தனார் தரையைப் பார்த்தபடி, "இவளுக்குக் கொஞ்ச நாளா அலாரம்னாலே சலிப்புதான்" என்றாள். அலாரத்துக்குப் பேய் மாதிரி ஓடுகிறவளைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது!

வீட்டுச் சமையலறையில் நாத்தனார் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

"ஆமா, நான்தான் மாத்தினேன். தலைவலி உயிர் போச்சு. கொஞ்ச நேரத்துல திருப்பி வெச்சிரலாம்னு நெனச்சேன், மறந்துட்டேன். இப்ப என்ன பண்ணச் சொல்ற? எனக்கு இருபது வருஷ சர்வீஸ். உனக்குச் சின்ன வயசு, வேற எங்கயாவது கெடைக்கும். நான்தான்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துரு."

சைரன் கணவனைப் பார்த்தாள். அவன் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கழுவிய டம்ளர்.

"அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கில்ல?" என்றான்.

கழுத்தறுப்பு என்பதை அதுவரை அவள் பேச்சுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். அக்கா அறுத்தாள், தம்பி தலையைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் பதிவில் இருப்பது அவள் பாஸ்வேர்டு, அவளுக்காகப் பேச ஓர் ஆள் இல்லை. எழுதினாள்.

ஐந்து நாள் கழித்து டிரைவருக்கு வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். நோயாளியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு லெட்டரைக் கொடு என்றார் மேட்ரன். மேட்ரன், நாத்தனார், சைரன் மூவரும் நாலாம் படுக்கைக்குப் போனார்கள். லெட்டர் சைரனின் சட்டைப்பையில் இருந்தது. நாத்தனார் முந்திக்கொண்டு குழைந்தாள்.

"எப்படி இருக்கீங்கய்யா?"

டிரைவர் சட்டென்று தலையைத் திருப்பினார். தொண்டை இன்னும் சரியாகவில்லை, காற்றாகத்தான் குரல் வந்தது.

"இந்தக் குரல்தான்."

"என்ன சொல்றீங்க?" என்று குனிந்தார் மேட்ரன்.

"எனக்கு முழிப்பு வந்துருச்சு. கண்ணத் தெறக்க முடியல, காது மட்டும் கேட்டுச்சு. அலாரம் ஒரே ஒரு தடவை கத்துச்சு. 'ஒரே நச்சரிப்பு, தொண்ணூத்தஞ்சுல வெச்சாச்சு, இனி எப்படிக் கத்துதுன்னு பாக்குறேன்'னு இந்தக் குரல். தரை தொடைக்கிற அம்மா ஒருத்தங்க, 'அந்தப் பொண்ணு வந்து கேக்குமே'ன்னாங்க. 'அவ பாஸ்வேர்டுதான் தெறந்து கெடக்கு, யாரு கேக்கப் போறா'ன்னுச்சு இதே குரல்."

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. மேட்ரன் சைரனின் பையிலிருந்து அந்த லெட்டரைத் தானே எடுத்துக் கிழித்துப் போட்டார். "நீங்க என் ரூமுக்கு வாங்க" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

சைரனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கய்யா, நீங்க மட்டும் சொல்லலேன்னா..." என்று தொடங்கினாள். பையில் போன் அதிர்ந்தது. கணவன்தான். எடுக்கவில்லை.

டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள நினைக்கிற பார்வை.

"நீங்க ஓடி வருவீங்கன்னு எண்ணிக்கிட்டே கெடந்தேன்மா. ஆயிரத்துக்கு மேல எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன்."

"நான் மாத்தலய்யா."

"தெரியும்மா. அதான் சொன்னேனே." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் முப்பது வருஷமா பஸ் ஓட்டுறேன். ஒரு நிமிஷம் டீ குடிக்க எறங்கினாலும் சாவிய எடுத்துக்கிட்டுத்தான் எறங்குவேன். நீங்க ஏன்மா விட்டுட்டுப் போனீங்க?"

நாத்தனாரிடமும் கணவனிடமும் கேட்க அவளிடம் நூறு கேள்வி இருந்தது. இந்த ஒன்றை அவள் தன்னிடம் கேட்டதே இல்லை.