மெத்தைக் கடைப் பஞ்சு

மெத்தைக் கடையில் சொற்கள் கூரையில் ஒட்டத் தொடங்கிய நாற்பத்தோராவது நாள், உயரமான வாடிக்கையாளர்கள் குனிந்து நடக்க வேண்டியிருந்தது. விற்பனையாளன் பேசுவதில் எது கேட்பவருக்குப் புரியவில்லையோ, அது அவன் வாயிலிருந்து சாம்பல் நிறப் பஞ்சாகக் கிளம்பி மேலே போய் ஒட்டிக்கொண்டது. முதலில் மின்விசிறி நின்றது. பிறகு குழல்விளக்கு மறைந்தது. முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. பஞ்சு கடைக்கு வேண்டிய சரக்குதானே என்று ஒட்டடைக் கோலால் கொஞ்சம் இறக்கி, தலையணைகளில் அடைத்துப் பாதி விலைக்கு விற்றார். அவற்றில் தலைவைத்துப் படுத்தவர்களுக்கு விடிய விடிய மீட்டிங் நடப்பதாகக் கனவு வந்தது. ஆனாலும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

விற்பனையாளன் முன்பெல்லாம் அப்படிப் பேசியவன் இல்லை. பல வருடங்களாக, "படுத்துப் பாருங்க, பிடிச்சா எடுத்துக்கோங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வான். மெத்தைக் கம்பெனி அவனைப் பயிற்சிக்கு அழைத்துப் போனது. திரும்பி வந்தபோது அவனிடம் ஸ்லீப் சொல்யூஷன், பிரஷர் மேப்பிங், ஜோன்டு சப்போர்ட் எல்லாம் இருந்தன. கூச்ச சுபாவக்காரனுக்கு அவை வசதியாக இருந்தன. பெரிய சொல் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவன் மனைவி அதே கடையின் பின்னறையில் மெத்தை உறை தைப்பவள். ஒருநாள் வீட்டில், "ஏங்க, இப்பல்லாம் என்கூடப் பேசவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள்.

"நம்ம கம்யூனிகேஷன் சேனலைக் கொஞ்சம் ஆப்டிமைஸ் பண்ணணும்" என்றான்.

வீட்டுப் பஞ்சு மேலே போகவில்லை. கட்டிலில் இருவருக்கும் நடுவே விழுந்து தங்கியது. அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் ஏறியது. ஒரு விடியற்காலை அவள் விளிம்பிலிருந்து உருண்டு தரையில் விழுந்தாள். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, "இதுல எனக்கு இடம் இல்லைங்க" என்று சொல்லித் தலையணையோடு அடுத்த அறைக்குப் போனாள். கோபமில்லாமல் சொன்னாள்.  சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவதாகவும், எப்போது திரும்புவேன் என்று தெரியாது என்றும் பிறகு சொன்னாள். அவளிடம் சொல்ல அவனுக்கு ஒன்று இருந்தது. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் பஞ்சுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். குனிந்தே உள்ளே வந்து, இருப்பதிலேயே அகலமான மெத்தையில் படுத்தார். மூக்குக்கு நேர் மேலே பஞ்சு தொங்கியது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

விற்பனையாளன் ஆரம்பித்தான். "சார், இதுல ஜோன்டு சப்போர்ட் இருக்கு. ஸ்பைனல் அலைன்மென்ட்டுக்கு..."

"தம்பி, எனக்கு இருக்கிறது முதுகு. வலிக்குமா, வலிக்காதா? அத மட்டும் சொல்லு."

"கஸ்டமர் ஃபீட்பேக் படி..."

"கஸ்டமர விடுப்பா. உன் வீட்ல எதுல படுக்கிற?"

விற்பனையாளன் வாயைத் திறந்தான். அடுத்த சொல் போய் ஒட்ட மேலே இடமில்லை. பஞ்சு அவன் உச்சந்தலைவரை இறங்கி நின்றது. பின்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நூல் அறுந்ததாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

"இதே மெத்தைதாங்க" என்றான்.

எதுவும் மேலே போகவில்லை. அவனே அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

"சரி. முதுகு?"

"வலிக்காது. வாங்கின நாள்லேருந்து ஒரு நாள்கூட வலிச்சதில்லை."

கூரையிலிருந்து கொஞ்சம் பஞ்சு பிய்ந்து ஓட்டுநரின் மார்பில் விழுந்தது. அவர் அதை ஊதித் தள்ளினார்.

"அப்புறம் ஏன்பா கண்ணு ரெண்டும் இப்படிச் செவந்து கிடக்கு? மெத்தை விக்கிறவன் நீ. தூங்குற மாதிரியே தெரியலயே."

பின்னறைக் கதவில் அவள் நின்றிருந்தாள். கையில் பாதி தைத்த உறை இருந்தது. நூல் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. விற்பனையாளன் அவளைப் பார்க்காமல், மெத்தையின் ஓரத்தை இரண்டு விரலால் நீவிக்கொண்டே ஓட்டுநருக்குப் பதில் சொன்னான்.

"மெத்தைல குறை ஒண்ணும் இல்லைங்க. அவ பக்கத்துல இல்லாம எனக்குத் தூக்கம் வரல."