ஐந்து எண்ணும் வரை

கண்டியில் நடந்த மாணவர் ரோபோ போட்டியின் முதற்சுற்றில், நோர்வூட் பிள்ளைகளின் ரோபோ கோணலாகத் திரும்பிச் சுவரில் முட்டி நின்றது. திருப்பத்தை அளக்கும் ஜைரோ சென்சருக்கு வயர் இணைத்தவள் வினோதா. ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் உறுதியாகவே இருந்தன. சட்டென்று அவளுக்குப் பொறிதட்டியது. கூட்டாளி விஜிதரனிடம் திரும்பினாள்.

“கையில வச்சுக்கிட்டேவா சுவிட்ச் போட்ட?”

“ஆமா. ஏன்?”

“போட்ட ஒடனே அது கொஞ்ச நேரம் அசையாம இருக்கணும். இல்லாட்டி திசை பெசகிரும்.”

இரண்டாம் சுற்றில் ரோபோவைத் தரையில் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தாள். நேரம் ஓடியது. “விடு, விடு!” என்று கூட்டம் கத்தியது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணிய பிறகே ஓட்டும் பொத்தானை அழுத்தினாள். நான்கு மூலைகளிலும் அளந்தாற்போலத் திரும்பி, ரோபோ முடிவுக்கோட்டைத் தாண்டியது.

“வயரிங் யாருடையது?” என்று நடுவர் கேட்டார்.

“நான்தாங்க செஞ்சேன், சேர்,” என்றாள் வினோதா, தலை நிமிர்ந்து.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த அவள் அம்மா காளியாயி, பின்வரிசையில் எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்த சிங்களப் பெண்ணிடம், என் மகள் என்பதைச் சிங்களத்திலேயே, “மகே துவ, மகே துவ” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தனை கைதட்டலிலும் வினோதாவுக்கு அது கேட்டது.