ஈர மணல் வரை

கொஞ்சம் மனம் லேசாகட்டும் என்றுதான் என்னைக் கோவளத்துக்கு அழைத்து வந்தார் என் கணவர் தங்கதுரை. எனக்கு ஐந்தாம் மாதம். வந்ததிலிருந்து அவர்தான் நிலைகொள்ளாமல் அலைகிறார். பலகைமேல் நின்று அலையில் சறுக்கி வருகிறவர்களைப் பார்க்கிறார். எழுந்து, ஈர மணல் தொடங்கும் இடம் வரை போகிறார். சூடுபட்டது போலத் திரும்பி வந்து உட்காருகிறார்.

மனைவி மாசமாக இருந்தால் கணவன் கடலில் கால் நனைக்கக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. சின்னசேலத்திலிருந்து மாமியார் காலையும் மாலையும் போனில் இதைத்தான் சொல்கிறார். என்னைக் கடலுக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கால் ஆழத்தில் போய் நின்றேன்.

"போதும், வந்துடு! அலை ஜாஸ்தியா வருது!" தாடியைச் சொறிந்துகொண்டு ஈர மணலின் விளிம்பிலிருந்தே கத்தினார்.

"பயமா இருந்தா வந்து கையப் புடிச்சிக்குங்க."

"அம்மா இன்னா சொல்லிச்சின்னு உனக்குத் தெரியாதா? இந்தத் தடவையாவது புள்ள தங்கணும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"போன தடவ நீங்க கடல் பக்கமே வரல. தாடியும் எடுக்கல. அப்ப மட்டும் தங்கிடுச்சா?"

அடுத்த அலை மேலேறிப் போய் அவர் கணுக்காலை நனைத்தது. அவர் நகரவில்லை. நான்தான் வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வேகமாகக் கரையேறினேன்.